சிறார் போராளிகள் வீடு திரும்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு வடக்கு உகாண்டாவின் அனுபவத்தைப் பாடமாக நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் உகாண்டாவின் அச்சோலி மக்களைப் பற்றியவை. பிற நாடுகளைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்ட பிள்ளைகளைத்தானே சிறார் போராளிகள் என்கிறோம்?

இல்லை. 2007இல் உலக நாடுகள் பல ஏற்றுக்கொண்ட பாரிஸ் கோட்பாடுகளின்படி, ஆயுதப் படையோடும் ஆயுதக் குழுவோடும் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருந்தாலும், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். சமையல் செய்தவர், சுமை தூக்கியவர், செய்தி கொண்டு போனவர், உளவு பார்த்தவர், பாலியல் தேவைக்காக வைத்துக்கொள்ளப்பட்டவர் அனைவரும் இதில் அடங்குவர்.

இந்த வரையறை ஏட்டோடு நிற்கிற விஷயம் அல்ல. சியரா லியோனில் போர் ஓய்ந்தபோது, ஆயுதத்தைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கே உதவித் திட்டத்தில் இடம் என்ற நடைமுறை பரவலாக இருந்தது. அங்கே முறைப்படி விடுவிக்கப்பட்ட சிறார்கள் ஏறத்தாழ 6,800 பேர். அவர்களில் பெண் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காட்டில் இருந்த பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். அவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாமல், யாரிடமும் சொல்லாமல் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தனை பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும்வரை ஊரார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இதைக் கேட்கும்போது மாணவர்கள் குரலில் ஒரு கோபம் இருக்கும். அது நியாயமான கோபம்தான், ஆனால் ஊரார்மீது பாய வேண்டியது அல்ல. உகாண்டா அரசை எதிர்த்து வடக்கில் போரிட்ட ஜோசப் கோனியின் இறைவனின் எதிர்ப்புப் படை 1980களின் இறுதியில் உருவானது. ஊர்மக்கள் விரும்பிச் சேராததால் பிள்ளைகளைக் கடத்தியே அது படையை நிரப்பிக்கொண்டது. கடத்தப்பட்ட பிள்ளைகள் 25,000க்குக் குறையாது என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. இளைஞர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிந்தைய ஆய்வு ஒன்று 60,000க்கும் மேல் என்றது.

1996 அக்டோபரில் அபோக்கே என்ற ஊரின் பெண்கள் பள்ளி விடுதியிலிருந்து 139 மாணவிகளை ஒரே இரவில் கொண்டுபோனார்கள். பள்ளியின் துணைத் தலைமையாசிரியையான இத்தாலியக் கன்னியாஸ்திரி ரக்கேலே ஃபசேரா, ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தடம் பார்த்துக் காட்டுக்குள் போய், மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். மீதி முப்பது பேரைத் தளபதி தர மறுத்துவிட்டார். ஆயுதம் இல்லாத ஊரார் செய்ய முடிந்தது எவ்வளவு என்பதற்கு இதுவே சான்று. அதே ஆண்டில் கிராமத்து மக்களை அரசு முகாம்களுக்குள் திரட்டத் தொடங்கியது. அங்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2003, 2004 வாக்கில் பல்லாயிரம் பிள்ளைகள் மாலையானதும் பாயைச் சுருட்டிக்கொண்டு குலு போன்ற நகரங்களுக்கு நடந்துபோய், பஸ் நிலையத்திலும் மருத்துவமனை வளாகத்திலும் தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்பினார்கள்.

தப்பி வந்த பிள்ளை நேராக வீட்டுக்குப் போய்விட முடியாதா?

போனவர்கள் ஏராளம். அதிகாரபூர்வமான பாதை வேறாக இருந்தது. தப்பி வந்தவரோ பிடிபட்டவரோ முதலில் இராணுவத்தின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து குலு, கிட்கும், லீரா நகரங்களில் இருந்த வரவேற்பு மையம் ஒன்றுக்கு அனுப்புவார்கள். குலுவில் உள்ளூர் மக்கள் 1994இல் தொடங்கிய குஸ்கோ என்ற அமைப்பும், வேர்ல்டு விஷன் அமைப்பும் நடத்திய மையங்கள் பெரியவை. அங்கே உடம்புக்கு மருத்துவம், உடுத்த உடை, பேச்சுத் துணை, குடும்பத்தைத் தேடும் பணி எல்லாம் நடந்தன. பொதுவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை தங்கவைத்தார்கள்.

மையத்தின் முக்கியமான வேலை சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத்தைத் தயார்ப்படுத்துவதே முக்கியமான வேலை என்பது என் கருத்து. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பறிபோன மகன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியே ஒரு வீட்டைக் குலுக்கிப்போடும். தகப்பன் இறந்திருக்கலாம், தாய் வேறு முகாமில் இருக்கலாம், சிலர் இறுதிச் சடங்குகூட முடித்திருப்பார்கள். சமூகப் பணியாளர் முன்கூட்டிப் போய்ப் பேசிவிட்டு வந்த வீட்டுக்கும், லாரியிலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டுப் போன வீட்டுக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பெற்ற தாய் தகப்பனே ஏற்றுக்கொள்ள மாட்டார்களாமே?

மிகப் பரவலான தவறான எண்ணம் இதுதான். வடக்கு உகாண்டாவில் நடந்த பெரிய ஆய்வுகளில் திரும்பி வந்தவர்களிடம் கேட்டபோது, மிகப் பெரும்பாலோர் குடும்பம் தங்களை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டதாகவே சொன்னார்கள். தங்கள் பிள்ளை விரும்பிப் போகவில்லை, இழுத்துச் செல்லப்பட்டான் என்பது அந்த வீட்டுக்கு நன்றாகவே தெரியும்.

சிக்கல் வாசலுக்கு வெளியே தொடங்கும். கிணற்றடியில் ஒரு சண்டை வந்தால் "காட்டிலிருந்து வந்தவள்" என்ற ஏச்சு விழும். பள்ளியில் பென்சில் காணாமல் போனால் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். அவனுடைய குழு எரித்த வீடுகள் அதே ஊரில் இருக்கும். இன்னொன்றும் உண்டு: தாய் மறுமணம் செய்திருந்தால், அந்த வீட்டுப் புதிய கணவர் காட்டும் முகம் பல பிள்ளைகளைத் தெருவுக்கே தள்ளியிருக்கிறது.

திரும்பி வந்தவனை முட்டையை மிதிக்கச் சொல்வார்களாம். படித்தவர்கள் இப்படிப்பட்ட மூடநம்பிக்கையை ஆதரிக்கலாமா?

அச்சோலி மக்களிடம் அந்தச் சடங்கு நெடுங்காலமாக இருக்கிறது. நீண்ட நாள் வெளியே இருந்து வருபவர் யாராக இருந்தாலும், போரில் போனவர் மட்டும் என்றில்லை, வீட்டு வளாகத்தின் நுழைவாயிலில் ஒரு முட்டையை மிதித்து உடைத்துவிட்டு உள்ளே வருவார். முட்டை மாசற்ற உயிர், அதற்கு வாய் கிடையாது, யாரையும் பற்றித் தீச்சொல் பேசாது. கூடவே ஒபோபோ என்ற மரத்தின் கிளையை வைப்பார்கள். அதன் சாறு வழுவழுப்பானது, அழுக்கைக் கழுவும். தானியக் குதிரின் மூடியைத் தூக்கி நிறுத்தும் கவைக்கோலும் அருகில் இருக்கும். இந்த வீட்டுச் சோற்றை உண்டு வளர்ந்தவன் நீ என்பதை அது நினைவூட்டுகிறது.

இதில் பேய் ஓட்டுவதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள், சிற்றப்பன் பெரியப்பன் வீட்டார், அண்டை அயலார் எல்லாரும் கூடி நின்று, இவன் எங்களவன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள். நாளைக்கு யாராவது ஏசினால், நீயும் அன்று நின்றாயே என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. எந்த ஆலோசனை அறையிலும் இதைச் செய்ய முடியாது. ஆனால் எல்லாருக்கும் இதைக் கட்டாயமாக்குவதும் தவறு. பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்த பல குடும்பங்கள் இதைச் சாத்தானின் சடங்கு என்று ஒதுக்கி, ஜெபத்தையே நாடுகின்றன. அவர்களுக்கு அதுவே பொருத்தம்.

அப்படியென்றால் முட்டையை மிதித்ததும் கொலைப் பழி தீர்ந்துவிடுமா?

தீராது, அச்சோலி மக்களும் அப்படிச் சொல்வதில்லை. முட்டை மிதிப்பது வீட்டுக்குள் வருவதற்கான வாசல், அவ்வளவுதான். கொலைக்கு மாட்டோ ஓபுட் என்ற தனிச் சடங்கு உண்டு. கொன்றவரின் குலமும் இறந்தவரின் குலமும் நடுவர்கள் வழியே நீண்ட காலம் பேசி, நடந்ததை ஒப்புக்கொண்டு, இழப்பீடு கொடுத்து, முடிவில் ஓபுட் மரத்தின் கசப்பு வேரைக் கரைத்து இரு தரப்பும் சேர்ந்து குடிக்கும்.

சிறார் போராளிகள் விஷயத்தில் இது பெரும்பாலும் முட்டுச்சந்தில் நின்றுவிடுகிறது. தான் கொன்றது யாரை, எந்தக் குலத்தவரை என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், குலத்தில் உள்ள ஏழைகள் இழப்பீட்டுக்கான மாடுகளுக்கு எங்கே போவார்கள்? லாங்கி, தெசோ, மாடி என்று பாதிக்கப்பட்ட மற்ற இனத்தவரை அச்சோலியின் சடங்கு கட்டுப்படுத்தாது. ஆகவே பாரம்பரிய முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று வெளிநாட்டார் சிலர் எழுதியதை நான் ஏற்பதில்லை.

இவ்வளவு கொடுமை பார்த்தவர்கள் மனநோயாளிகளாகத்தானே இருப்பார்கள்?

கடத்தப்பட்டவர்களையும் அதே ஊரில் கடத்தப்படாமல் தப்பியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உகாண்டாவில் நடந்தது. கடுமையான மனவேதனை, மிகக் கொடிய வன்முறைக்கு ஆளானவர்களிடம்தான் திரண்டிருந்தது. கடத்தப்படாமலே அத்தகைய வன்முறையைக் கண்டவர்களிடமும் அது இருந்தது. கடத்தப்பட்டவர்களிடம் பொதுவாகத் தெரிந்த இழப்பு வேறு: ஏறத்தாழ ஓர் ஆண்டுப் பள்ளிப்படிப்பு போயிருந்தது, திறன் சார்ந்த வேலை கிடைக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது, வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. அவர்கள் வாக்களிப்பதிலும் ஊர்ப் பொறுப்புகளை ஏற்பதிலும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள்.

இதனால் வேதனையே இல்லை என்று ஆகாது. கொல்லப்பட்டவரின் ஆவி கொன்றவரைத் தொடரும் என்று அச்சோலி மக்கள் நம்புகிறார்கள். அதைச் சென் என்கிறார்கள். இரவில் அலறி எழுவதையும் திடீரென்று வெறித்துப் பார்ப்பதையும் அதன் அறிகுறிகளாகக் கொள்வார்கள். மருத்துவம் அறிந்தவர் அதையே வேறு பெயரால் அழைப்பார். யார் பெயர் சரி என்று வாதாடிப் பயனில்லை, அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வர வேண்டும். கடும் பாதிப்புள்ள சிலருக்கு நீண்டகாலச் சிகிச்சை கட்டாயம் தேவை. எல்லாரையும் நோயாளிகளாக நடத்தினால் அந்தச் சிலருக்குக் கிடைக்க வேண்டிய கவனமும் கிடைக்காது.

திரும்பி வந்தவனிடம் என்ன நடந்தது என்று கேட்டுவிடுவது நல்லதில்லையா? மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் குறையுமே?

அவனாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். தப்பிப் போக முயன்ற பிள்ளையை மற்றப் பிள்ளைகளைக் கொண்டே அடித்துக் கொல்லவைப்பது அந்தப் படையின் வழக்கம். சிலரைச் சொந்த ஊராரையும் உறவினரையும் கொல்லவைத்தார்கள், திரும்பிப் போகும் வழியே அடைபட்டுப்போகட்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட நினைவைப் பத்திரிகையாளருக்கும் நன்கொடையாளருக்கும் திரும்பத் திரும்ப ஒப்பிக்கவைப்பது இன்னொரு கொடுமை. அதைச் செய்த அமைப்புகள் இருந்தன.

தானே விரும்பிப் பேசுவது வேறு. குலுவின் மெகா எஃப்.எம். வானொலியில், திரும்பி வந்தவர்கள் காட்டில் இன்னும் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைக்கும் நிகழ்ச்சி ஒன்று 2000களில் ஒலிபரப்பானது. வீட்டுக்குப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று தளபதிகள் சொல்லிவந்த பொய்யை, நேற்றுவரை உடனிருந்த தோழனின் குரல்தான் உடைத்தது. அதைக் கேட்டுத் தப்பி வந்தவர்கள் உண்டு.

எதை முதலில் தருவது, ஆலோசனையா, படிப்பா, வேலையா?

மனநோய் பற்றிய கேள்விக்கான பதிலில் சொன்ன ஆய்வு முடிவைப் பார்த்தால் திசை தெரியும்: படிப்பும் பிழைப்பும். ஆனால் பதினேழு வயதுப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் ஒரு வாரம்கூட வரமாட்டான். சியரா லியோனில் செய்ததுபோல, விட்டுப்போன ஆண்டுகளைச் சுருக்கிக் கற்பிக்கும் தனி வகுப்புகள் வேண்டும்.

தொழிற்பயிற்சி என்றதும் தையலும் தச்சும் மட்டும் நினைவுக்கு வருவது ஒரு நோய். சிறு நகரம் ஒன்றில் ஆண்டுதோறும் நூறு தையற்காரரை உருவாக்கினால் துணி தைக்கக் கொடுப்பவர் யார்? பயிற்சிக்கு முன் சந்தைக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்னொரு முக்கியமான செய்தி: திரும்பி வந்தவருக்கு மட்டும் உதவி கொடுத்தால் பக்கத்து வீட்டார் மனம் எரியும். உகாண்டாவில் பொதுமன்னிப்பு பெற்றவருக்கு மெத்தை, போர்வை, பாத்திரம், மண்வெட்டி, விதை, கூடவே 2,63,000 உகாண்டா ஷில்லிங் கொடுத்தார்கள். அதே முகாமில், அந்தப் படையால் காது அறுபட்ட பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பாரிஸ் கோட்பாடுகள் உதவியை ஊர் முழுவதற்குமாகப் பகிரச் சொல்வது இதனால்தான்.

கையில் குழந்தையோடு திரும்பும் பெண் பிள்ளையின் நிலை என்ன?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் கனமான கேள்வி இது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தளபதிகளுக்கு "மனைவி"யாகக் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். முன்பு சொன்ன வரவேற்பு அவர்களுக்கும் கிடைத்தது, ஆனால் அது குழந்தையைக் கண்டதும் நின்றுவிட்ட வீடுகள் பல. பெண்ணைத் தாங்குவோம், கோனியின் ஆளுடைய பிள்ளையைத் தாங்க மாட்டோம் என்று சொன்ன குடும்பங்கள் இருந்தன. மறுமணம் செய்துகொண்ட இடத்தில் புதிய கணவர் அந்தக் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மறுப்பார். ஒன்று, தாய் குழந்தையைப் பாட்டியிடம் விட வேண்டும், இல்லையேல் கணவரை விட்டு வர வேண்டும்.

இதன் வேர் நிலத்தில் இருக்கிறது. அச்சோலி சமூகத்தில் பிள்ளை தகப்பனின் குலத்தைச் சேர்ந்தது. உழுவதற்கு நிலமும், திருமணத்துக்குப் பரிசமும், கடைசியில் புதைக்கப்படும் இடமும் தகப்பன் வழியாகவே வரும். தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளை, குறிப்பாக ஆண் பிள்ளை, வளர வளர நிலமற்றவனாகிறான். முகாம்கள் கலைந்து மக்கள் ஊர் திரும்பியபோது நிலத் தகராறுகள் பெருகின, இந்தத் தாய்மார்தான் முதலில் விரட்டப்பட்டார்கள்.

ஆகவே சில பெண்கள் தாங்களே தகப்பனின் குலத்தைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். தன்னை வன்முறையால் கொண்டவனின் உறவினர் வீட்டு வாசலில், பிள்ளைக்காகப் போய் நிற்பது எளிதல்ல. சில குலங்கள் இறந்துபோன மகனின் வாரிசு என்று கட்டி அணைத்துக்கொண்டன, சில கதவைத் திறக்கவில்லை. இந்தப் பெண்கள் குலுவில் ஒன்றுகூடி, பெண்கள் உரிமைக் குரல் வலையமைப்பு ஒன்றை உருவாக்கி, 2014இல் உகாண்டா நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். நாடாளுமன்றம் ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தின் வேகத்தில் உதவி வரவில்லை.

கடத்தப்பட்ட பிள்ளையே வளர்ந்து தளபதியாகி மற்றப் பிள்ளைகளைக் கடத்தினால், அவன் பாதிக்கப்பட்டவனா, குற்றவாளியா?

இரண்டும்தான். டொமினிக் ஓங்க்வென் ஒன்பது வயதளவில் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டவர். படிப்படியாக உயர்ந்து படைப்பிரிவுத் தளபதியானார். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 61 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவற்றில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்த்த குற்றமும் ஒன்று. சிறுவயதில் கடத்தப்பட்டதை நீதிபதிகள் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டு, ஆயுள் தண்டனையைத் தவிர்த்து 25 ஆண்டுகள் விதித்தார்கள். பெரியவராகித் தானே முடிவெடுத்துச் செய்த செயல்களுக்கு அந்தக் கடத்தல் விடுதலை தரவில்லை. தாமஸ் குவோயெலோவும் சிறுவனாகக் கடத்தப்பட்டவர்தான். உகாண்டாவின் சொந்த நீதிமன்றம் அவருக்கு 2024இல் 40 ஆண்டுகள் விதித்தது.

இந்தத் தீர்ப்புகளை ஏற்கிறேன். ஆனால் இவர்களை வைத்து, பதினான்கு வயதில் தப்பி வந்த பிள்ளையை எடைபோடுகிறவர்களை ஏற்க முடியாது.

எல்லாருக்கும் பொதுமன்னிப்பு என்றால், பறிகொடுத்தவர்களுக்கு அது அநீதி இல்லையா?

உகாண்டாவின் பொதுமன்னிப்புச் சட்டம் 2000இல் வந்தது. வடக்கின் மதத் தலைவர்களும் மரபுத் தலைவர்களும் பெற்றோரும் கேட்டு வாங்கிய சட்டம் அது. காட்டில் இருப்பது நம் பிள்ளைகள், தண்டனைக்குப் பயந்து வராமல் இருந்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய வாதம். பல்வேறு ஆயுதக் குழுக்களிலிருந்து 26,000க்கும் மேற்பட்டவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அபோக்கேயில் பறிபோன மாணவி ஒருத்தியின் தாய் ஆஞ்சலினா அத்யாம். அக்கறையுள்ள பெற்றோர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். போராட்டத்தை நிறுத்தினால் உன் மகளை மட்டும் விடுகிறோம் என்று படையினர் சொல்லியனுப்பியபோது, எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று மறுத்துவிட்டார். அவரே மன்னிப்பையும் வலியுறுத்தினார். மகள் 2004இல்தான் திரும்பினாள். அவரைப்போல மன்னிக்க முடியாதவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மன்னித்தவர்களிடமும் மன்னிக்காதவர்களிடமும் கேட்டால், நடந்த உண்மையைச் சொல்லுங்கள், இழப்பை ஈடுசெய்யுங்கள் என்ற ஒரே கோரிக்கைதான் வரும். பொதுமன்னிப்பில் அவை இரண்டும் இல்லாமல் போனதுதான் குறை.

இலங்கையில் நடந்ததும் இதுவும் ஒன்றுதானா?

ஒப்பிடலாம், ஒன்றாக்க முடியாது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது விடுதலைப் புலிகள் அமைப்பில் இருந்ததாக அடையாளம் காணப்பட்ட பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் 594 பேர். அம்பேபுஸ்ஸ, வவுனியா பூந்தோட்டம் ஆகிய இடங்களில் அவர்களைத் தங்கவைத்தார்கள். பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்கவைத்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் குடும்பங்களிடம் அனுப்பினார்கள். அவர்கள்மீது வழக்குத் தொடராமல் படிப்பைக் கொடுத்தது சரியான செயல்.

ஆனால் எந்த வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். வன்னியில் குடும்பங்கள் வீட்டையும் உறவுகளையும் இழந்து, முள்வேலி முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தன. புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் உறுப்பினர்கள் பலர், பாதுகாப்புப் படையினர் வந்து விசாரிப்பது அதன் பிறகும் தொடர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சீருடை அணிந்தவர் வீடு தேடி வந்தால், அந்தப் பிள்ளையோடு பழக அயலார் தயங்குவார்கள், வேலை கொடுக்கவும் அஞ்சுவார்கள். மேலே நான்காம் கேள்வியில் சொன்ன வாசலுக்கு வெளியிலான சிக்கல், இங்கே அரசின் கண்காணிப்பாலேயே பெரிதாகிவிட்டது.

எத்தனை ஆண்டுகள் இவர்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்?

மொசாம்பிக் நாட்டின் லாங்கேனே மையத்துக்கு 1988இல் வந்த 39 சிறுவர்களை ஆய்வாளர்கள் 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் மணமுடித்து, உழுது, வீடு கட்டி, அயலார் நம்பும் மனிதர்களாக வாழ்ந்தார்கள். கெட்ட கனவுகள் பலருக்கு நிற்கவில்லை. ஓராண்டுக்கு மேல் படையில் இருந்தவர்களுக்கே திரும்புவது கடினமாக இருந்தது.

நன்கொடைத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. எண்ணிக்கை காட்டக்கூடிய முதல் கட்டத்துக்குப் பணம் வரும். வீட்டுக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்த்துவரும் பணியாளருக்குச் சம்பளம் கிடைக்காது. எனக்கு அதிகாரம் இருந்தால் மையக் கட்டடத்துக்கான செலவில் பாதியை அந்தப் பணியாளருக்கு மாற்றுவேன். 2024 பிப்ரவரியில் ஓங்க்வென் வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஐந்து கோடி யூரோவுக்கும் அதிகமான இழப்பீட்டுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் அடையாளத் தொகையாக 750 யூரோவும், அதோடு பொதுவான மறுவாழ்வுத் திட்டங்களும் அதில் அடக்கம். குற்றவாளியிடம் பணம் இல்லை. அரசுகளும் நன்கொடையாளர்களும் கொடுத்தால்தான் உண்டு.